வெள்ளைத் துணிக்குப் பின்னால் செய்னம்பு

1

இங்கே ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குத் தெருவில் ஒரு சத்தமும் இருக்காது. கடைகள் சனிக்கிழமையே பூட்டியாகிவிடும். புல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டக் கூடாது, படிக்கட்டில் உரக்கப் பேசக் கூடாது. வந்த புதிதில் ஒரு ஞாயிறன்று பால்கனியில் நின்று ஜமுக்காளத்தைத் தட்டிவிட்டேன். அரை மணி நேரத்தில் கீழ்வீட்டு அம்மாள் அழகான கையெழுத்தில் ஒரு சீட்டு எழுதிக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போயிருந்தார். அது கண்டனமா, வேண்டுகோளா என்று தெரிந்துகொள்ள எனக்கு அகராதியும் முக்கால் மணி நேரமும் தேவைப்பட்டன.

தெற்கு ஜெர்மனியில் மலையடிவாரத்துச் சிற்றூர் இது. நூற்பு இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. நான் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ஃபிட்டராக இருந்தவன். புது இயந்திரங்களை மாட்ட வந்த ஜெர்மன்காரர்களுக்குப் பக்கத்தில் நின்று நின்று அவர்கள் பேச்சில் கொஞ்சம் பிடித்துக்கொண்டேன். கடைசியில் அவர்களுடைய தொழிற்சாலைக்கே வேலைக்கு வந்து சேர்ந்தேன். மனைவி பாத்திமா, மகள் ரிஸ்வானா, நான் என்று மூன்று பேர் இங்கே வந்து ஒன்பது வருடம் முடிந்துவிட்டது.

ஞாயிறு மதியங்களை எப்படிக் கழிப்பது என்று தெரியாமல் இருந்த காலத்தில்தான் தொலைக்காட்சியில் அந்த வரிசை தொடங்கியது. வாரம் ஒரு புகழ்பெற்ற புகைப்படக்காரர். அவருடைய வாழ்க்கை, அவர் எடுத்த படங்கள். ஒரு மணி நேரம். எனக்குப் பிடித்ததற்கு முதல் காரணம், அதில் பேச்சு குறைவு. ஒரு படம் திரையை நிறைத்து வந்து நிற்கும். பியானோ மெதுவாக ஒலிக்கும். படம் கலைந்து இன்னொன்று வரும். புரியாத மொழியில் ஒன்பது வருடம் உழன்ற ஒருவனுக்கு அது குளத்தில் கால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் போல இருந்தது.

ஒருவர் வாழ்நாளெல்லாம் ஒரே பாலத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பனியில், மழையில், ஆள் இல்லாமல், ஆட்டு மந்தையோடு. ஒரு பெண்மணி சுரங்கத்திலிருந்து மேலே வருகிறவர்களின் முகங்களை, வெளிச்சம் படும் முதல் நொடியில் எடுத்தார். பார்த்துக்கொண்டே கண்ணயர்ந்துவிடுவேன். அரைத் தூக்கத்தில் அந்தப் பாலத்துப் பனிக்குள்ளிருந்து ராஜபாளையத்துச் சஞ்சீவி மலை எழும்பும். சுரங்கத்து முகங்கள் மில்லின் காலை ஷிப்டு முடிந்து, தலையில் பஞ்சோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும். விழித்துப் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கியிருக்கும்.

2

போன வருடம் இலையுதிர்காலத்தில் ஒரு ஞாயிறு. மழை பெய்துகொண்டிருந்தது. பாத்திமா உள்ளறையில் படுத்திருந்தாள். ரிஸ்வானா சோபாவின் மறுமுனையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஏதோ பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. நாலு வயதில் இங்கே வந்தவள். நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். அதுவும் ஒரு சொல், இரண்டு சொல்.

அன்றைய புகைப்படக்காரர் வடக்கே ஒரு பெரிய நகரத்தைச் சேர்ந்தவர். மிகவும் முதியவர். முழங்காலில் கம்பளி போர்த்தித் தோட்டத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த மூக்கை எங்கோ பார்த்தது போலிருந்தது. யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய இந்தியப் படங்கள் வரத் தொடங்கின. ஒரு ரயில் நிலையம். ஒரு குதிரை வண்டி. பிறகு திரை முழுக்க வெள்ளை.

வரிசை வரிசையாகக் கம்புகளில் காயும் வெள்ளைத் துணி. இரண்டு துணிகளுக்கு நடுவே ஒரு பெண். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து, கண்ணைச் சுருக்கி நேராகப் பார்க்கிறாள். அவள் இடுப்பில் எதுவோ இருக்கிறது. ஆனால் அதைத் துணி மறைத்துவிட்டது. துணிக்குக் கீழே, கொலுசு போட்ட ஒரு சின்னக் கால் மட்டும் தெரிகிறது.

அது என் மைமூன் அக்கா.

தேநீர்க் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ரிஸ்வானா ஹெட்போனைக் கழற்றினாள்.

"என்ன அத்தா?"

"அது ஒன் மாமி. ஸ்ரீவில்லிபுத்தூர் மாமி. என்ன சொல்றாங்கன்னு கேளு."

அவள் கேட்டுவிட்டுத் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னாள். "செத்துப் போனவங்களுக்குப் போத்துற துணியாம். அந்த லேடி யாரையோ பறிகொடுத்துட்டு நிக்கிறாங்களாம். கண்ணுல அது தெரியுதாம்."

"பேண்டேஜ் துணிம்மா அது. காயத்துக்குக் கட்டுறது."

அதற்குள் முதியவர் மறுபடி வந்தார். ஏதோ சொன்னார். ரிஸ்வானா சொன்னாள்: "அங்க ஒரு வாசம் இருந்துச்சாம். நீச்சல் குளத்து வாசம். மத்தது ஞாபகம் இல்லையாம். அவங்க பேரு கேக்கலியாம்."

அடுத்த படம் வந்துவிட்டது. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துபோனது.

"அந்தக் கால் யாருது?" என்று கேட்டாள்.

"செய்னம்பு."

"செய்னம்பு யாரு?"

அப்போதுதான் உறைத்தது. அவளைவிட நாலு மாதம் மூத்த ஒரு மாமி மகள் இருந்தாள் என்பதை நான் என் மகளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

3

எண்பதுகளின் தொடக்கம். மைமூன் அக்காவைச் செட்டியார்பட்டியில் காதர் மச்சானுக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். மச்சான் ஊருக்கு வெளியே ஒரு காலி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, தறிகளிலிருந்து வரும் பேண்டேஜ் துணியை வெளுத்துக் காயப்போட்டுக் கொடுக்கும் வேலை செய்துகொண்டிருந்தார். கலகலப்பான மனிதர். வாட்சின் முகத்தை உள்ளங்கைப் பக்கம் திருப்பிக் கட்டுவார். கேட்டால், "வேல செய்யும்போது கீறல் விழாதுல்லா மாப்ள" என்பார். அந்த வாட்ச் என் அத்தா கல்யாணத்தில் அவருக்குப் போட்டது.

ஒருநாள் மில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, வெளிநாட்டுப் போட்டோக்காரர் ஒருவர் வந்திருக்கிறார், உனக்குத்தான் அவர்கள் பாஷை கொஞ்சம் தெரியுமே, கூடவே இரு என்றார். ஒல்லியான, உயரமான மனிதர். அப்போதே தலை நரைத்திருந்தது. காலையெல்லாம் மில்லுக்குள் சுற்றினார். கேமராவைக் கண்ணில் வைப்பார், எடுத்துவிடுவார். கிளிக் சத்தம் கேட்கவேயில்லை. மதியம் வாசலில் நின்று, "இங்கே எல்லாம் இயந்திரம். நூல் வெளியே எங்கே போகிறது?" என்று கேட்டார்.

வாடகை அம்பாசிடரில் அவரைச் செட்டியார்பட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். யாரும் சொல்லவில்லை. மச்சானின் களத்தை ஒரு வெளிநாட்டுக்காரர் பார்க்கட்டும் என்ற பெருமைதான்.

அன்றைக்கு வெயில் எல்லாவற்றையும் கரைத்துவிட்டிருந்தது. ஒரு ஏக்கருக்கு வெள்ளை. மெல்லிய துணி; காற்று லேசாக வந்தால் முழுக் களமும் மூச்சு விடுவதைப் போல ஏறி இறங்கும். ப்ளீச்சிங் பவுடர் நெடி. துணிகளுக்கு நடுவே நடந்தால் முன்னால் போகிறவரின் நிழல் மட்டும் தெரியும், ஆள் தெரியாது. அந்த மனிதர் காரிலிருந்து இறங்கியதும் பேச்சை நிறுத்திவிட்டார். குழந்தை மாதிரி வாயைத் திறந்தபடி உள்ளே நடந்தார்.

அக்கா சாப்பாட்டுத் தூக்குச்சட்டியோடு வந்திருந்தாள். இடுப்பில் செய்னம்பு. ஒன்றரை வயது. மச்சான் மணி மூன்றாகியும் சாப்பிடாததில் அக்காவுக்குக் கோபம்.

"சோறு ஆறிப்போயி கெடக்கு. அவிய வெள்ளக்காரனுக்குக் களத்தச் சுத்திக் காட்டிக்கிட்டு நிக்காவ" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துத் தேடினாள். அந்த நொடியில்தான் கிளிக் என்ற சத்தத்தை அன்று முதன்முறையாகக் கேட்டேன். யாரையோ பறிகொடுத்த பார்வை என்று உலகத்துக்குச் சொல்லப்பட்டது அதுதான்: புருஷன் இன்னும் சாப்பிடவில்லையே என்ற எரிச்சல்.

அதற்குப் பிறகு அவர் நிறுத்தவில்லை. பத்துப் பன்னிரண்டு கிளிக் இருக்கும். நடுவில் நான் மடத்தனமாக, "அக்கா, சேலைய ஒழுங்காப் போடு" என்று சொல்லிக்கொண்டே குறுக்கே போய் நின்றேன். அவர் கேமராவை இறக்கி என்னைப் பார்த்த பார்வை நன்றாக நினைவிருக்கிறது.

4

நாலு மாதத்தில் செய்னம்பு இறந்துபோனாள். மூன்று நாள் காய்ச்சல். மருந்தும் கொடுத்தார்கள், ஓதியும் பார்த்தார்கள். மூன்றாம் நாள் அதிகாலையில் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள் நான் செட்டியார்பட்டி வீட்டுக்குப் போனேன். மச்சான் வாசலில் நின்றிருந்தார். உள்ளே விடவில்லை.

"எம் புள்ள நல்லாத்தான் இருந்துச்சு. நீ ஒருத்தனக் கூட்டியாந்த. அவன் அந்தக் கண்ணாடிய வச்சு எம் புள்ளயப் பாத்தான். பொறவு எங்கிட்டு உருப்படும்? இனிமே இந்த வாசல மிதிக்காத."

அப்படியெல்லாம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனிடம் அதை எப்படிச் சொல்வது? அக்கா உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது தெரிந்தது. அவள் என் பக்கமும் பேசவில்லை, அவர் பக்கமும் பேசவில்லை.

செய்னம்புக்கு ஒரு போட்டோகூட இல்லை. பெருநாளைக்குப் புதுச் சட்டை போட்டு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போகலாம் என்று தள்ளி வைத்திருந்தார்கள். பெருநாள் வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

மச்சான் களத்தை விட்டுவிட்டார். அந்த வெள்ளையைப் பார்க்க முடியவில்லை என்று சொன்னாராம். ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் குடிபோய் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்தார். பிறகு அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அக்காவை எங்கள் வீட்டுக்கு வரவழைத்துத்தான் பார்ப்பேன். மச்சான் பன்னிரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. செய்னம்பு என்ற பெயரை எங்கள் குடும்பத்தில் யாரும் சொல்வதுமில்லை.

5

அந்த ஞாயிற்றுக்குப் பிறகு ஒரு வாரம் எனக்கு வேலை ஓடவில்லை. இயந்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தக் கொலுசுக் காலையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

புகைப்படக்காரர்களின் நிகழ்ச்சிகளை இத்தனை ஞாயிறு பார்த்ததில் ஒன்று தெரிந்துவைத்திருந்தேன். அவர்கள் எடுத்த படம் எதையும் தூக்கிப் போடுவதில்லை. ஒரு சுருளில் உள்ள எல்லாப் படங்களையும் ஒரே தாளில் சின்னச் சின்னதாக அச்சடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, ஒன்றை மட்டும் சிவப்புப் பென்சிலால் வட்டமிடுவார்கள். அதுதான் புத்தகத்துக்குப் போகும், சுவருக்குப் போகும். மற்றவை இருட்டில் ஒரு பெட்டிக்குள் இருக்கும். அப்படியானால் மீதிப் பத்துப் படங்கள் எங்கோ இருக்க வேண்டும். அவற்றில் ஒன்றிலாவது செய்னம்புவின் முகம் இருக்கலாம்.

தொலைக்காட்சி நிலையத்துக்கு எழுதினேன். ஆறு வாரம் கழித்து, புகைப்படக்காரரின் அலுவலகத்துக்கு எழுதவும் என்று பதில் வந்தது. அங்கே எழுதினேன். நாலு பக்கப் படிவம் ஒன்று வந்தது. படத்தை எதற்காகப் பயன்படுத்தப் போகிறீர்கள்? நாளிதழ், புத்தகம், விளம்பரம், பிற. நான் "பிற" என்பதில் குறியிட்டு, பக்கத்தில் "குழந்தையின் தாய்க்கு" என்று எழுதினேன். ரிஸ்வானா தற்செயலாக எட்டிப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அத்தா, 'குழந்தையின் நட்டுகளுக்கு'ன்னு எழுதியிருக்கீங்க."

ஜெர்மனில் தாய்க்கும் போல்ட்டில் மாட்டும் நட்டுக்கும் ஒரே சொல், முட்டர். ஒருமையில் ஒன்றுதான், பன்மையில் பிரிந்துவிடும். பட்டறையில் மொழி படித்த எனக்கு நட்டுகளின் பன்மைதான் தெரியும். ஒரு தாயைப் பற்றி எழுதுகிறோமே என்று மரியாதைக்குப் பன்மை போட்டிருந்தேன்.

அவள் படிவத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நான் எழுதுறேன். நீங்க சொல்லுங்க."

அதிலிருந்து ஞாயிறு மதியங்களில் சாப்பாட்டு மேசையில் நாங்கள் இருவரும் உட்காரத் தொடங்கினோம். அந்த அலுவலகம் சான்று கேட்டது. படத்தில் இருப்பவர் உங்கள் சகோதரி என்பதற்கு என்ன ஆதாரம்? பிறப்புச் சான்றிதழ், குடும்பப் பதிவேடு? எங்களிடம் என்ன இருக்கிறது? செய்னம்பு பிறந்ததற்கும் காகிதம் இல்லை, இறந்ததற்கும் இல்லை. கடைசியில் நடந்ததை எழுதுவது என்று முடிவு செய்தோம். நான் தமிழில் சொல்லச் சொல்ல ரிஸ்வானா ஜெர்மனில் எழுதினாள். நடுநடுவே பேனாவை நிறுத்திக் கேட்பாள்.

"அவ பேசுவாளா அத்தா?"

"தண்ணிக்கு 'தண்ணா'ன்னு சொல்லுவா. ஒன்னய 'பானா'ன்னு கூப்பிடுவா. ஒனக்கு அப்ப பேச்சு வரல."

அவள் தாளின் ஓரத்தில் அந்தப் பெயரை எழுதிப் பார்த்தாள்.

கடிதத்தின் கடைசியில் ஒன்றைச் சேர்க்கச் சொன்னேன்: "அன்று நான் ஒரு படத்தைக் கெடுத்தேன். குறுக்கே வந்து நின்றேன். மில்லிலிருந்து நேராக வந்ததால் என் சட்டைப் பையில் இரண்டு பேனாவும் ஒரு சின்ன ஸ்பேனரும் இருந்தன. அந்தப் படம் இருந்தால் பாருங்கள்."

அக்காவுக்கும் தனியாக ஒரு கடிதம் எழுதினேன். டிவியில் உன்னைப் பார்த்தேன், செய்னம்புவின் காலைப் பார்த்தேன், முகம் கிடைக்குமா என்று முயற்சி செய்கிறேன் என்று. அதற்குப் பதில் வரவில்லை.

6

பனி உருகும் சமயத்தில் ஒரு கெட்டி உறை வந்தது. உள்ளே பன்னிரண்டு சின்னப் படங்கள் அச்சான ஒரு தாள். கூடவே அலுவலகத்துப் பெண் எழுதிய கடிதம். "ஏழாவது படத்தில் முழுக் காட்சியையும் மறைத்துக்கொண்டு நிற்பவர் நீங்கள்தான் என்று நம்புகிறோம். ஸ்பேனர் தெளிவாகத் தெரிகிறது. முதியவரிடம் காட்டினோம். உங்களைப் பார்த்துச் சிரித்தார். ஒன்பதாவது படத்தில் குழந்தை சிரிக்கிறது. உங்களுக்கு வேண்டியது அதுவாக இருக்கலாம். எண்ணைக் குறிப்பிட்டு எழுதினால் பெரிதாக்கி அனுப்புகிறோம்."

தொழிற்சாலையில் பல்சக்கரத்தின் தேய்மானம் பார்க்கும் லென்ஸை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே உட்கார்ந்தேன். முதல் படத்தில் கால். இரண்டிலும் மூன்றிலும் முதுகு. ஏழில் நான், இருபத்தாறு வயது, கறுப்பு மீசை. ஒன்பதில் செய்னம்பு.

முழு முகம். நெற்றியில் ஒட்டிய முடி. மூக்கு சுருங்கி, வாய் பாதி திறந்து, கண் இரண்டும் கோடாகிக் கிடக்கின்றன. பன்னிரண்டு வருடத்தில் அந்த முகத்தை மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். மறக்கவில்லை.

பிறகுதான் அந்தக் கையைப் பார்த்தேன். படத்தின் இடது பக்கத்திலிருந்து ஓர் ஆணின் கை நீண்டு வந்து, குழந்தையை மறைத்திருந்த துணியைப் பிடித்து விலக்கிக்கொண்டிருக்கிறது. ஆள் தெரியவில்லை. மணிக்கட்டு வரைதான். மணிக்கட்டின் உட்புறம் வாட்சின் முகம்.

லென்ஸைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு அப்போது வந்தது கோபம்தான். நான் கூட்டிக்கொண்டு போனேன், உண்மை. ஆனால் துணியை விலக்கி, இந்தா என் பிள்ளை, பார் என்று காட்டியது யார்? பன்னிரண்டு வருடம் என் தலையில் அதைத் தூக்கி வைத்துவிட்டு அவர் நிம்மதியாகக் கடையில் உட்கார்ந்திருக்கிறாரே என்று நினைத்தேன். மறுநாள் கோபம் குறைந்து பயம் வந்தது. இந்தப் படத்தைக் கொண்டுபோய் அக்கா கையில் கொடுத்தால் அவள் என்ன நினைப்பாள்? அவர் எப்படித் தாங்குவார்? முகம் தெரிவது இந்த ஒரே படத்தில்தான். முகம் வேண்டுமென்றால் கையும் வரும்.

பெரிய படம் வந்ததும் ஸ்கேலையும் கத்தரிக்கோலையும் எடுத்து மேசையில் வைத்தேன். இடது பக்கம் மூன்று விரல் அகலம் வெட்டினால் கை போய்விடும்.

ரிஸ்வானா பள்ளியிலிருந்து வந்தாள். கத்தரிக்கோலைப் பார்த்தாள். நான் காரணத்தைச் சொன்னேன். மச்சான் வாசலில் நின்று சொன்னதையும் சொன்னேன். அவள் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெட்டாதீங்க அத்தா. அவ அங்க பாருங்க, கேமராவப் பாக்கல. அந்தக் கையப் பாக்குறா."

பார்த்தேன். உண்மைதான். கோடாய்ச் சுருங்கிய கண் இரண்டும் அந்தக் கைப்பக்கம்தான் திரும்பியிருந்தன. கத்தரிக்கோலை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

7

பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். ராஜபாளையத்தில் பாத்திமாவை அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு நானும் ரிஸ்வானாவும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினோம். ஆடிப்பூரத் தேர் நாள் நெருங்கியதால் பஸ்ஸை ஊருக்கு வெளியேயே நிறுத்திவிட்டார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நடந்து அக்கா வீட்டைக் கண்டுபிடித்தோம். அந்த வாசலுக்கு நான் போனது அதுதான் முதல்முறை.

அக்காவுக்கு முன்தலை முழுக்க நரைத்திருந்தது. ரிஸ்வானாவை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தி, தன் தோளோடு அவள் உயரத்தை வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "கடுதாசி வந்துச்சு சாகுலு" என்றாள்.

"பதிலே போடலியேக்கா?"

"என்னன்னு போடச் சொல்லுத? வேணும்னு எழுதினா அவியளுக்குத் தெரியாம எழுதணும். வேண்டாம்னு எழுத எனக்கு மனசு வரல." பிறகு தானே கேட்டாள். "கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சு. ஆனா அதுல இன்னொன்னும் இருக்கு. மொதல்ல நீ மட்டும் பாத்துரு."

அவள் தலையை ஆட்டினாள். "வேண்டாம். அவிய செத்த நேரத்துல சாப்பிட வந்துருவாவ. அவிய இருக்கும்போதே காட்டு. எம் புள்ளய ஒளிச்சு வச்சுப் பாக்க எனக்கு ஏலாது."

மச்சான் வந்தார். என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றார். திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ரிஸ்வானா எழுந்து ஸலாம் சொன்னாள். ஸலாத்துக்குப் பதில் சொல்லாமல் போகக் கூடாது. பதில் சொன்னார். அவள் யார் என்று அக்கா சொன்னாள். அவர் அவள் முகத்தையே பார்த்துவிட்டு மெதுவாக உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"சாகுலு ஒரு படம் கொண்டாந்துருக்கான். நம்ம செய்னம்பு படம்" என்றாள் அக்கா.

பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பெயர் கேட்டது. நான் உறையிலிருந்து படத்தை எடுத்து இருவருக்கும் நடுவில் பெஞ்சில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன்.

மச்சான்தான் முதலில் பார்த்தார். பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் கண் இடது பக்கம் போய்விட்டது. வெகுநேரம் அங்கேயே நின்றது.

"எங் கையில்லா இது" என்றார்.

"ஆமா மச்சான்."

"நாந்தான் துணிய வெலக்குனேன். புள்ள மொகம் விழலியேன்னு." பேச்சு ஒவ்வொரு சொல்லாக வந்தது. "மறந்துட்டேன்னு நெனச்சிராத சாகுலு. ஒருநாளும் மறக்கல. ஒம் மேல போட்டேன். எம் மேல போட்டுக்கிட்டா அன்னைக்கே நானும் போயிருப்பேன்."

இத்தனை காலம் சுமந்து வந்ததை இறக்கி வைக்கும் இடம் கிடைத்தும், அதை அந்த மனிதர் மடியில் இறக்க மனம் வரவில்லை. "காய்ச்சல்ல போனா மச்சான். படத்தால இல்ல" என்றேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் வாசலில் நின்று சொல்லாமல் விட்டதை இப்போதுதான் சொன்னேன்.

அக்கா எங்கள் இருவரையும் கவனிக்கவே இல்லை. அவள் கையைப் பார்த்தாளா என்றுகூடத் தெரியவில்லை. படத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, குழந்தையின் மூக்கின் மேல் ஒரு விரலை வைத்தாள். தெருவில் தேருக்கு வந்தவர்களின் பேச்சும் ஊதல் சத்தமும் போய்க்கொண்டே இருந்தன.

"நல்லாச் சிரிக்கிறா மாமி" என்றாள் ரிஸ்வானா மெல்ல.

"சிரிக்கல ஆத்தா" என்றாள் அக்கா. அவள் முகம் அப்படி மலர்ந்து நான் வெகுகாலமாகப் பார்த்ததில்லை. "தும்மப் போறா. களத்துக்கு வந்தாலே அந்தப் பவுடர் நெடி மூக்குல ஏறிரும் அவளுக்கு. இப்பத் தும்மப் போறா, பாரு."

நாங்கள் நால்வரும் குனிந்து பார்த்தோம். சுருங்கிய மூக்கு, பாதி திறந்த வாய், கோடான கண். ஆமாம், தும்மல்தான். அது வந்துகொண்டே இருந்தது.

எங்கள் மார்க்கத்தில் ஒருவர் தும்மினால் பக்கத்தில் இருப்பவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அல்லாஹ் உனக்கு இரக்கம் காட்டட்டும் என்பது அதன் பொருள். தினம் நாலு தடவை யோசிக்காமல் சொல்லும் வார்த்தை.

காதர் மச்சான் படத்தின் மேல் குனிந்து, பக்கத்தில் தூங்கும் பிள்ளை விழித்துவிடக் கூடாது என்பதைப் போல மெதுவாகச் சொன்னார்.

"யர்ஹமுகல்லா."